ஒரு மீட்டர், மூன்று குடும்பங்கள்

தண்ணீருக்கு மீட்டர் வைப்பது ஏழைகளுக்கு எதிரான வேலை என்று நானும் ஒரு காலத்தில் வாதாடியிருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்லமாட்டேன். அளக்காத ஊரில் தண்ணீர், மோட்டாரும் பெரிய தொட்டியும் வைத்திருப்பவர் வீட்டுக்குத்தான் முதலில் போகிறது. புல்வெளிக்குப் பாய்ச்சுபவருக்கும் நாலு குடம் பிடிப்பவருக்கும் ஒரே பில்.

ஆனால் மீட்டர் வந்தால் நியாயமும் கூடவே வந்துவிடும் என்பவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. அடுக்குக் கட்டணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அளவுக்கு மேல் செலவழிக்கும் தண்ணீருக்கு அதிக விலை, கேட்க இனிக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர்: மாதம் 15 கிலோலிட்டர் (ஒரு கிலோலிட்டர் என்பது ஆயிரம் லிட்டர்). முதல் 20 கிலோலிட்டர் சலுகை விலை என்றால் அந்தக் குடும்பம் தப்பித்தது. அதே போன்ற மூன்று குடும்பங்கள் ஒரே காம்பவுண்டில், ஒரே இணைப்பில் இருந்தால்? மொத்தம் 45. ஒரு சொட்டும் வீணாக்காமலே அதில் 25 கிலோலிட்டர், விலை கூடிய மேல் அடுக்குக்குப் போய்விடும். தனி வீட்டில் இருவராக வாழ்பவர் தினமும் கார் கழுவினாலும் சலுகைக்குள்ளேயே இருப்பார். தனி இணைப்புக்கு வழியில்லாததால்தானே அந்த மூன்று குடும்பமும் ஒரு குழாயில் நிற்கிறது? பொருளியலாளர் டேல் விட்டிங்டன் இதை 1992-லேயே எழுதிவிட்டார். கட்டண அட்டவணை போடுபவர்கள் படிக்கவில்லை போலும்.

(விட்டு விட்டுத் தண்ணீர் வரும் ஊர்களில் குழாயில் அடைபட்ட காற்றும் மீட்டரைச் சுழற்றும். காற்றுக்கும் காசு கட்டுகிறோம். அது தனிப் புலம்பல்.)

தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்கின் ஃபிரி பகுதியில் முன்பணம் கட்டும் மீட்டர்களைப் பொருத்தினார்கள். மாதம் 6 கிலோலிட்டர் இலவசம். பிறகு பணம் போடாவிட்டால் குழாய் நின்றுவிடும். அந்த 6 வீட்டுக்கு, ஆளுக்கு அல்ல. பலர் கூடி வாழும் வீடுகளில் அது மாதம் முடியும் முன்பே தீர்ந்தது. வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது; 2009-இல் அந்த ஏற்பாடு சட்டப்படி சரி என்று தீர்ப்பானது. சட்டப்படி.

கம்போடியத் தலைநகர் புனோம் பென் வேறு வழியில் போனது. 1993-இல் அந்நகரக் குடிநீர் நிறுவனத்தின் தலைவராக எக் சோன் சான் பொறுப்பேற்றபோது, நகரம் வழங்கிய தண்ணீரில் 72 விழுக்காட்டுக்கு வருவாயே இல்லை: கசிவு, திருட்டு, பில் போகாத வீடுகள். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளில் அது 6 விழுக்காடு அளவுக்கு இறங்கியது. எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்ததை எல்லாரும் சொல்கிறார்கள். ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்புக் கட்டணத்தில் சலுகையும் தவணையும் கொடுத்ததை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

அப்படி வீட்டுக்கு வீடு இணைப்புக் கொடுக்க முடியாத ஊரில், இணைப்பு விண்ணப்பத்தில் ‘இந்தக் குழாயை நம்பி எத்தனை பேர்?’ என்று ஒரு வரி சேருங்கள். அதற்கேற்பச் சலுகை அடுக்கின் அளவை உயர்த்துங்கள். மக்கள் பொய் சொல்வார்களாம். சொல்லட்டும். ஒரு வீட்டில் இரண்டு தலை கூடுதலாக எழுதுவதால் வரும் நட்டம், தெருவுக்கடியில் உடைந்த குழாய் ஒரே இரவில் விழுங்குவதைவிடவா பெரிது?