பல்லைக் கடித்துக்கொண்ட பிறகு

அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். பள்ளி இறுதியாண்டு படிக்கும் அவர் மகன் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அண்ணன் சொன்னார்: "இந்த ஒரு வருடம் மட்டும் பல்லைக் கடித்துக்கொள்ளடா. கல்லூரிக்குப் போய்விட்டால் அப்புறம் எல்லாம் உன் இஷ்டம்." பையன் என் பக்கம் திரும்பினான். அத்தை கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், அவளுக்கு உண்மை தெரியும் என்று நினைத்திருப்பான் போலிருக்கிறது. "அப்படியா அத்தை?" என்றான். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். வீடு வந்து சேரும் வரை அது உறுத்திக்கொண்டே இருந்தது. அவனிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அண்ணன் சொன்னது பொய் இல்லை. கல்லூரியில் எல்லாம் உன் இஷ்டம்தான். சிக்கலே அதுதான்.

பள்ளியையும் கல்லூரியையும் ஒப்பிடுகிறவர்கள் கால அட்டவணையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பள்ளியில் காலையிலிருந்து மாலை வரை மணி அடித்துக்கொண்டே இருக்கும். கல்லூரி அட்டவணையிலோ, பல துறைகளில், பாதிக் கட்டங்கள் காலி. காலி என்றால் ஓய்வு என்று யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ. அந்தக் கட்டங்களுக்கும் கணக்கு உண்டு. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பின்பற்றும் முறையில் ஒரு முழுக் கல்வியாண்டு 60 கிரெடிட்; கிரெடிட் என்பது படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு. அதற்கு மாணவர் போட வேண்டிய உழைப்பு 1500 முதல் 1800 மணி நேரம். நாற்பது வாரங்களுக்குப் பிரித்தால் வாரத்துக்கு 37 மணி நேரத்துக்குக் குறையாது, 45 வரை போகும். முழுநேர வேலைக்குப் போகிறவரின் வாரம் அது. அமெரிக்கக் கல்லூரிகள் இதையே இன்னும் பச்சையாகச் சொல்கின்றன: வாரத்தில் ஒரு மணி நேரம் வகுப்பு என்றால், வகுப்புக்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேரம் படிப்பு. 15 கிரெடிட் எடுத்தவருக்கு வகுப்பில் 15 மணி நேரம், வெளியே 30. அதாவது, மூன்றில் இரண்டு பங்கு வேலை, மணி அடிக்காத நேரத்தில் கிடக்கிறது.

(மருத்துவம் படிக்கிறவர்களும் ஆய்வகத்திலேயே பொழுது கழிகிறவர்களும் இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குக் காலிக் கட்டமே கிடையாது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்களுக்கும் அப்படித்தான். அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.)

நான் முதல் செமஸ்டர் படித்தபோது செவ்வாயும் வியாழனும் பன்னிரண்டு மணிக்கு வகுப்பு முடிந்துவிடும். ஒரு பகல் முழுக்க என் கையில்! அவிழ்த்துவிட்ட கன்றுபோலத் திரிந்தேன். முதல் வாரத்தில் ஒரு பேராசிரியர் பாடத் திட்டத் தாள் ஒன்றைக் கொடுத்திருந்தார். நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி: "கட்டுரை, 12-ஆம் வாரம், 30 மதிப்பெண்." படித்தேன், மடித்தேன், கோப்பில் செருகினேன். அதன் பிறகு அந்தக் கட்டுரையைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. நானும் மறந்தே போனேன் என்று சொல்ல மாட்டேன். அவ்வப்போது நினைவுக்கு வரும். வந்தால், பன்னிரண்டில் இருந்து நடப்பு வாரத்தைக் கழித்துப் பார்ப்பேன். விடை பெரியதாக இருக்கும். நிம்மதியாகத் தூங்குவேன்.

அந்தப் பன்னிரண்டாம் வாரத்தின் புதன்கிழமை மாலை நூலகத்துக்கு ஓடினேன். தேவையான மூன்று புத்தகங்களில் இரண்டை வேறு யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். மிச்சமிருந்த ஒன்றை வைத்துக்கொண்டு விடிய விடியப் பதினோரு பக்கம் எழுதினேன். கடைசி மூன்று பக்கங்களில் என் கையெழுத்து எனக்கே புரியவில்லை. பத்து நாள் கழித்துக் கட்டுரை திரும்பி வந்தது. முதல் பக்கத்தின் ஓரத்தில், பென்சிலில், சின்ன எழுத்தில்: "இது இரண்டாவது வரைவாக இருந்திருக்க வேண்டும்." கீழே மதிப்பெண். வேறு ஒன்றும் இல்லை. கூப்பிட்டுத் திட்டவில்லை, வெளியே நிற்க வைக்கவில்லை, வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

பள்ளியில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அதே கட்டுரையை ஆசிரியை மூன்றாகப் பிரித்திருப்பார். தலைப்பை வெள்ளிக்கிழமைக்குள் கேட்டிருப்பார், முன்னுரையை அடுத்த வாரம் வாங்கிப் பார்த்திருப்பார், வராதவர்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதியிருப்பார். அம்மா ராத்திரி, "எழுதியாயிற்றா?" என்று கேட்டிருப்பார். இத்தனை பேர் சேர்ந்து அந்த வேலையை இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். நான் எழுதியதோடு சரி. பள்ளியில் நான் கடுமையாக உழைத்தேன் என்றுதான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். உழைத்தது உண்மை. எதை, எப்போது, எவ்வளவு என்று முடிவு செய்யும் வேலையை மட்டும் ஒருநாளும் செய்ததில்லை. அது வேலை என்றே எனக்குத் தெரியாது. கல்லூரி அந்த வேலையை என் தலையில் வைத்துவிட்டு, அதற்கு "சுதந்திரம்" என்று பெயரும் வைத்துவிட்டது.

பள்ளியில் நாம் கரித்துக்கொட்டிய வாரத் தேர்வுகளுக்கும் இப்போது ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மாணவர்களில் ஒரு சாரார் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள்; இன்னொரு சாரார் ஒருமுறை படித்த பிறகு, நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே மேல். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். பள்ளியில் இந்த எழுதிப் பார்க்கும் வேலையை வாராவாரம் யாரோ நம்மைக் கட்டாயப்படுத்திச் செய்ய வைத்தார்கள். கல்லூரியில் ஒரு செமஸ்டருக்கு இரண்டு தேர்வோ மூன்று தேர்வோதான். நடுவில் படித்ததை நாமாகச் சோதித்துப் பார்த்துக்கொள்ளாவிட்டால், ஐந்து நிமிட நினைவை ஆறு மாத நினைவு என்று நம்பிக்கொண்டு பரீட்சை ஹாலுக்குள் நுழைவோம். நான் நுழைந்திருக்கிறேன். அரியர் என்ற சொல்லின் முழுப்பொருளும் அந்த ஹாலில்தான் விளங்கியது.

சரி, திட்டம் போட்டுப் படித்தால் போதும் என்பீர்கள். திட்டம் போடுவதிலும் நாம் சூரர்கள் இல்லை. ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகிய மூவர் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், இறுதியாண்டு மாணவர்களிடம் "உங்கள் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள்?" என்று கேட்டார்கள். சராசரியாக வந்த பதில் சுமார் 34 நாள். "எல்லாமே சொதப்பினால்?" என்று கேட்டதற்குச் சுமார் 49 நாள் என்றார்கள். முடித்தது 55 நாளைத் தாண்டி. எல்லாம் கெட்டுப்போனால் என்று போட்ட கணக்கே போதவில்லை பாருங்கள். அதுவும், இவர்கள் கல்லூரியில் பல ஆண்டு பழம் தின்று கொட்டை போட்டவர்கள். முதலாண்டுக் குழந்தைகளைச் சொல்வானேன்.

இவ்வளவு எழுதிவிட்டேன் என்பதற்காக, நான் பள்ளியின் பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மணியும் வரிசையும் எனக்குத் திரும்ப வேண்டவே வேண்டாம். தாகம் எடுத்தால் கைதூக்கி அனுமதி கேட்டுக்கொண்டிருந்த வாழ்க்கை அது. கல்லூரி கொடுத்த நல்லது எதுவென்று கேட்டால் ஒரு கல்லைத்தான் சொல்வேன்.

இரண்டாம் ஆண்டில், எனக்குச் சம்பந்தமே இல்லாத நிலவியல் வகுப்பில் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். தோழி ஒருத்திக்காகக் காத்திருக்கப் போனவள். தோழி வரவில்லை, வகுப்பு தொடங்கிவிட்டது. பேராசிரியர் கையகலக் கல் ஒன்றைச் சுற்றுக்கு விட்டார். சாம்பல் நிறம், மேற்பரப்பில் வரி வரியாக மேடு பள்ளம். விரலால் தடவிப் பார்த்தேன், சின்னச் சின்ன அலைகள். ஆழமில்லாத நீரின் அடியில் மணல் நெளிந்து படிந்து, அந்த நெளிவு அப்படியே பாறையாக இறுகியது என்றார். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் ஓடிய நீரின் அசைவு என் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது. கல்லை அடுத்தவரிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதன் பிறகு மூன்று வாரம் அந்த வகுப்புக்குப் போனேன். நீ யார், உன் பெயர் பட்டியலில் இல்லையே என்று ஒருவரும் கேட்கவில்லை. பள்ளியில் அடுத்த பிரிவு வகுப்பறைக்குள் தலையை நீட்டினாலே விசாரணை நடக்கும்.

இஷ்டம் என்பதன் நல்ல பக்கம் இதுதான். இதற்கு மதிப்பெண் கிடையாது, கிரெடிட் கிடையாது. என் பாடங்களை ஓரளவு கட்டுக்குள் வைத்திருந்த செமஸ்டரில்தான் இதற்கு இடம் கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் செமஸ்டரில் அந்தக் கல் என் கைக்கு வந்திருந்தால், தூக்கக் கலக்கத்தில் பக்கத்தில் இருந்தவருக்குத் தள்ளிவிட்டிருப்பேன்.

சுதந்திரம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1088-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழகத்தில், ஆரம்ப நூற்றாண்டுகளில் மாணவர்கள்தான் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். பேராசிரியர் தாமதமாக வகுப்பைத் தொடங்கினால் அபராதம், கடினமான பகுதியைத் தாண்டிப் போனாலும் அபராதம். என் மாணவர்களிடம் இதைச் சொன்னபோது வகுப்பே ஆரவாரம் செய்தது. எனக்குத்தான் அன்று கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது.

பள்ளியைப் போலவே நடக்கும் கல்லூரிகளும் இருக்கின்றன. நிமிடத்துக்கு நிமிடம் வருகைப்பதிவு, தாமதமானால் வீட்டுக்குத் தகவல், வாராவாரம் தேர்வு. பெற்றோருக்கு நிம்மதியாக இருக்கும். என்னைக் கேட்டால், அந்தக் கல்லூரிகள் பிரச்சினையைத் தீர்க்கவில்லை, மூன்று நான்கு ஆண்டு தள்ளிப்போடுகின்றன. பதினெட்டு வயதில் கட்டுரையில் கோட்டை விடுவது மலிவு. அதையே முதல் வேலையில் விட்டால் விலை அதிகம்.

நேர் எதிர்ப்பக்கம் நிற்கும் சக ஆசிரியர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. "வளர்ந்த பிள்ளைகள், தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்" என்பார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பன்னிரண்டு ஆண்டு பள்ளிப் படிப்பில் யாரும் சொல்லித் தரவில்லை, நாமும் சொல்லித் தர மாட்டோம் என்றால், அது எங்கிருந்து வரும்? முதல் செமஸ்டரில் நான் கட்டுரைக்கு மூன்று தேதி கொடுக்கிறேன்: நான்காம் வாரம் தலைப்பு, எட்டாம் வாரம் வரைவு, பன்னிரண்டாம் வாரம் கட்டுரை. "ஊட்டிவிடுகிறீர்கள்" என்று கேலி பேசுகிறார்கள். பேசட்டும். இரண்டாம் செமஸ்டரில் இரண்டு தேதி. மூன்றாம் செமஸ்டரில் ஒன்று, அதுவும் தாளின் மூன்றாம் பக்கத்தில், அடியில். அதற்குப் பிறகும் புதன்கிழமை மாலை நூலகத்துக்கு ஓடுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் ஓடும்போது, இது தாங்களே தேடிக்கொண்டது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் அந்தப் பேராசிரியரைத் திட்டிக்கொண்டே ஓடினேன்.

முதலாண்டு மாணவர்கள் வாரம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மேடம், இது தேர்வுக்கு வருமா?" முன்பெல்லாம் எரிச்சலாக இருக்கும். அது சோம்பேறிக் கேள்வி இல்லை என்று இப்போது படுகிறது. எது முக்கியம் என்று பிறர் சொல்லியே பழகியவர்கள், சொல்லுகிற ஆளைத் தேடுகிறார்கள், அவ்வளவுதான்.

அண்ணன் வீட்டிலிருந்து கிளம்பும்போது மருமகனிடம் சும்மா கேட்டேன்: "நாளைக்கு என்ன படிக்கப் போகிறாய்?" அவன் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார், "நாளைக்கு வேதியியல்." பையன் சுவரைத் திரும்பிப் பார்த்தான். மேசைக்கு மேலே ஓர் அட்டவணை ஒட்டியிருந்தது, கோடு போட்டு, மூன்று நிற மையில், அழகாக. அண்ணனின் கையெழுத்து.