ரிம்முக்குக் கொடுக்கிற காசை டயருக்குக் கொடுங்கள்

மட்டக்களப்பிலும் அம்பாறைப் பக்கமும் கார் வைத்திருக்கிற தம்பிமார் நிறையப் பேர் இப்போது பெர்போமன்ஸ் டயர், அதாவது ரோட்டை நன்றாகப் பிடிக்கிற, வேகம் தாங்குகிற டயர் பற்றிப் பேசுகிறார்கள். கேட்கச் சந்தோசமாக இருக்கிறது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்த பிறகு புதுக் கார்கள் வருகின்றன, பழைய கார் வைத்திருப்பவர்களும் அதற்குக் கொஞ்சம் செலவழித்து அழகாக்கப் பார்க்கிறார்கள். ஆனால் டயரில் தொடங்குகிற பேச்சு கடைசியில் டயரை மாட்டுகிற உலோக ரிம்மில் போய் முடிகிறது. 15 அங்குலத்தைக் கழற்றி 17 போடுவோமா, கறுப்பா வெள்ளியா என்று பார்த்துப் பார்த்து ரிம் எடுப்பார்கள். கையிலுள்ள காசு அதோடு முடியும். மிச்சத்துக்கு எது அகப்படுகிறதோ அந்த டயரை அதில் மாட்டுவார்கள். இது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

நான் ஹயர் ஓடுகிறவன். இரவோடு இரவாகக் கட்டுநாயக்க விமான நிலையம் போய் வருவது, அம்பாறைக்கு நோயாளி கொண்டு போவது, செங்கலடியில் திரும்பி மகாஓயா, பிபிலை, லுணுகலை வழியாகப் பதுளைக்கு ஏறுவது எல்லாம் என் வேலைதான். போகிற இடங்களில் மற்ற ஓட்டுநர்களோடு டயர் கதை கதைப்பது எனக்குப் பழக்கம். கல்முனை, அக்கரைப்பற்று, காத்தான்குடிப் பக்கம் ஹோண்டா சிவிக் வைத்திருக்கிற பொடியன்மாரிடமும் கேட்பேன், டொயோட்டா அக்ஸியோவில் ஹயர் ஓடுகிற அண்ணன்மாரிடமும் கேட்பேன்.

நம் நாட்டில் காருக்கு வேக எல்லை மணிக்கு ஊர்மனைக்குள் 50 கிலோமீற்றர், வெளியில் 70, அதிவேகப் பாதையில் 100. கிழக்கில் அதிவேகப் பாதையே கிடையாது. டயரின் பக்கத்தில் அளவுக்குப் பின்னால் ஒரு எழுத்து இருக்குமே, அது எச் என்றால் மணிக்கு 210 கிலோமீற்றர் வரை அந்த டயர் தாங்கும், வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270. அந்த வேகம் பொத்துவில் ரோட்டில் யாருக்கும் தேவையில்லை, யாரும் போகவும் கூடாது. அப்படியென்றால் இந்த டயர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில்: மாரிக்கு. வடகீழ்ப் பருவ மழை கொட்டுகிற அந்த மூன்று மாதமும் நம்முடைய ரோட்டில் பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் நல்ல டயருக்கு வேலை இருக்கிறது.

ஒரு மார்கழி இரவு. விமான நிலையத்துக்கு ஒரு மாமியையும் மகனையும் ஏற்றிக்கொண்டு சித்தாண்டி தாண்டிக் கிரானுக்குக் கிட்டப் போகிறேன். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சம் கண்ணில் அடித்து விலகியதும் பார்த்தால் ரோட்டில் நாலைந்து மாடு படுத்திருக்கிறது. பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பிரேக்கிலுள்ள ஏபிஎஸ் அமைப்பு காலுக்கடியில் கடகடவென்று உதறியது. கார் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுக்காமல், பிடித்த கோட்டிலேயே நின்றது. முன்னால் கிடந்த மாடு தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஆறுதலாக எழும்பிப் போனது. பின்சீட்டிலிருந்து மாமி, "என்ன மகன், மாடா?" என்று கேட்டா. "ஓம் மாமி, மாடுதான்" என்றேன். மறுகா அவ நித்திரையாகிட்டா.

அந்தக் காரில் இருந்தது கம்பனி போட்ட அதே 15 அங்குல ரிம். டயர் மட்டும் ஈரப் பிடிக்குப் பேர்போன நல்ல ரகம்.

"ஏபிஎஸ் இருக்குத்தானே, டயர் எதுவாக இருந்தால் என்ன" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஏபிஎஸ் செய்வது சக்கரம் முற்றாகப் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பது. ரோட்டைப் பிடிப்பது டயர்தான். டயரிடம் எவ்வளவு பிடி இருக்கிறதோ அதைத்தான் ஏபிஎஸ் பாவிக்க முடியும், இல்லாததை அது உண்டாக்காது. நாலு சக்கரமும் ரோட்டைத் தொடுகிற இடம் ஒவ்வொன்றும் ஒரு உள்ளங்கை அளவுதான். ஒரு தொன்னுக்கு மேல் எடையுள்ள காரும் அதற்குள் இருக்கிற குடும்பமும் அந்த நாலு உள்ளங்கையை நம்பித்தான் ஓடுகிறது. 50இல் நிற்க எடுக்கிற பிரேக் தூரம் 70இல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிடும். வேகம் கூடுகிற கணக்கில் தூரம் கூடுவதில்லை, அதன் வர்க்கக் கணக்கில் கூடுகிறது.

மழையில் இன்னொரு ஆபத்து, டயர் தண்ணீர்மேல் ஏறி மிதப்பது. ரோட்டில் தேங்கிய தண்ணீரை டயரின் மேற்பரப்பில் வெட்டியிருக்கிற பள்ளங்கள் வழியாக வெளியே தள்ள நேரம் போதாவிட்டால் டயருக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் புகுந்துவிடும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகும், திருப்பினால் கார் கேட்காது. புது டயரில் 8 மில்லிமீற்றர் அளவு பள்ளம் இருக்கும். பள்ளத்துக்குள் குறுக்காக இருக்கிற சின்ன மேடு வெளியே தெரிந்தால் 1.6 மில்லிமீற்றர்தான் மிச்சம், டயர் முடிந்தது என்று அர்த்தம். நான் அதுவரை காத்திருக்க மாட்டேன். மாரி வரும்போது 3 மில்லிமீற்றருக்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுவேன், ஏனென்றால் அதற்குக் கீழே தண்ணீர் தள்ளுகிற சக்தி கிடுகிடுவென்று விழுந்துவிடுகிறது.

மழைக்குக் காற்றைக் குறைத்தால் நல்லாப் பிடிக்கும் என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. வயல்சேற்றில் உழவு மெசினுக்கு அது சரி. தார் ரோட்டில் அது தலைகீழ்: காற்று குறையக் குறைய டயர் குறைந்த வேகத்திலேயே தண்ணீரில் மிதக்கத் தொடங்கும். அதேபோல அகலமான டயர்தான் மழைக்கு நல்லது என்பதும் பிழை. ஒரே தரத்தில், ஒரே பள்ள ஆழத்தில் இரண்டு டயர் இருந்தால் அகலமானது கூடுதல் தண்ணீரைத் தள்ள வேண்டும், அது முதலில் மிதக்கும். வெள்ளம் வடிகிற நாட்களில் ஓரமெல்லாம் தண்ணீர் நிற்கிற ரோட்டில் 225 மில்லிமீற்றர் அகல டயர் போட்டு ஓடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

சரி, ரிம் கதைக்கு வருகிறேன். 195/65 ஆர்15 என்றால் டயர் 195 மில்லிமீற்றர் அகலம், பக்கச் சுவரின் உயரம் அதில் 65 வீதம், அதாவது கிட்டத்தட்ட 127 மில்லிமீற்றர். அதைக் கழற்றி 225/45 ஆர்17 போட்டால் சக்கரத்தின் மொத்த உயரம் மாறாது, ஆனால் சுவர் 101 மில்லிமீற்றராகிவிடும். ஒரு அங்குலம் ரப்பர் போய் அந்த இடத்துக்கு உலோகம் வருகிறது. பதுளை ஏறும்போது லுணுகலை வளைவுகளில் அது நல்லாயிருக்கும், ஸ்டியரிங் சொன்ன உடனே கார் திரும்பும், அந்தச் சுகத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் வெள்ளம் அரித்த மதகு ஓரம், பாலத்து இணைப்பு, அம்பாறை உள்ளூர்க் கிரவல் ரோட்டில் மழைத் தண்ணீர் மூடிய குழி, இவற்றில் அடிபடும்போது காப்பாற்றுகிறது அந்தப் போன ஒரு அங்குலம்தான். குறைந்த சுவருள்ள டயர் குழிக்கும் ரிம்முக்கும் நடுவில் நசிந்து உள்ளே நூல் அறுந்தால், சுவரில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி தள்ளும். அதை ஒட்டிச் சரிசெய்ய வழியே இல்லை. "இன்னும் கொஞ்சம் ஓடும் அண்ணன்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்த டயர் எந்த நேரமும் வெடிக்கும்.

இன்னொரு விசயம், அளவு பெரிதாகும்போது நல்ல டயரின் விலையும் ஏறும். 17 அங்குலத்தில் மலிவான டயர் நாலு போடுகிற காசுக்கு, 15 அங்குலத்தில் மிச்செலின், பிரிட்ஜ்ஸ்டோன், யோகோஹாமா மாதிரிக் கம்பனிகளின் நல்ல ஈரப் பிடியுள்ள டயரை நினைத்துப் பார்க்கலாம். ரிம் வாங்கின காசும் மிச்சம். அழகுக்கு ஆசைப்படுவது தவறே இல்லை, நானும் கார் விரும்புகிறவன். எதை முதலில் வாங்குவது என்பதுதான் என் பேச்சு.

நல்ல டயர் போட்டவர்களின் அனுபவம் எல்லாம் இனிப்பாகவும் இல்லை. சிவிக் வைத்திருக்கிற தம்பி ஒருவர் மென்மையான ரப்பர் உள்ள ஸ்போர்ட்ஸ் டயர் போட்டார். பிடி அபாரம் என்றார். ஆனால் கச்சான் காற்று வீசுகிற கோடையில், நடுப்பகலில் தார் கொதிக்கிற நேரம் நாள் முழுக்க ஓடியதில் டயர் அவர் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் கரைந்துவிட்டது. காரைத் தாழ்த்தியிருந்ததால் உள் ஓரம் வேறு வழவழவென்று ஆகியிருந்தது, வெளியே பார்த்தால் புதுசு மாதிரி. டயரின் பக்கத்தில் ட்ரெட்வெயர், அதாவது தேய்மானம் என்று ஒரு எண் இருக்கும். 200ஐ ஒட்டியிருந்தால் பிடி கூட, ஆயுள் குறைவு. 400, 500 என்றால் நின்று உழைக்கும். அந்த எண்ணைக் கம்பனியே போடுகிறது, அதனால் ஒரே கம்பனியின் இரண்டு டயரை ஒப்பிட அது உதவும், இரண்டு கம்பனிகளுக்கு நடுவில் அதை முழுக்க நம்ப முடியாது.

அக்ஸியோ ஹைபிரிட் ஓடுகிற அண்ணன் ஒருவருக்கு வேறு குறை. பிடிப்பான டயர் போட்டதும் பெற்றோல் கூடக் குடிக்கிறது, சத்தமும் வருகிறது என்றார். நியாயமான பேச்சு. ஹயர் ஓடுகிறவனுக்கு ஒரு லீற்றரில் எவ்வளவு ஓடுகிறது என்பது சோற்றுக் கணக்கு. அவருக்கு நான் முழு ஸ்போர்ட்ஸ் டயரைச் சிபாரிசு செய்ய மாட்டேன். இப்போது நல்ல கம்பனிகள் ரப்பரில் சிலிக்கா என்கிற தூளைக் கலந்து, உருளும் தடையை, அதாவது டயர் உருளும்போது காரைப் பின்னுக்கு இழுத்துப் பெற்றோலைக் குடிக்க வைக்கிற தடையைக் கூட்டாமலே ஈரப் பிடி கொடுக்கிற டயர் செய்கின்றன. ஜப்பானில் 2010இலிருந்து இதற்கென்று தர அடையாளம் இருக்கிறது. உருளும் தடைக்கு ஏஏஏ முதல் சி வரை, ஈரப் பிடிக்கு ஏ முதல் டி வரை. ஈரப் பிடியில் ஏ இருக்கிற டயரைத் தேடுங்கள், அது போதும்.

ரப்பர் விளைகிற நாட்டில் டயர் ஏன் இந்த விலை என்று எல்லாரும் கேட்கிறார்கள். கம்பஹா ஹெனரத்கொடையில் 1876இலேயே ரப்பர் கன்று நட்ட நாடுதான். ஆனால் கார் டயரின் மேற்பரப்பில் செயற்கை ரப்பரும் சிலிக்காவும் பிசினும்தான் பெரும்பங்கு. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது வெளிநாட்டு டயர் கையில் எட்டாமல் போனதை ஹயர்காரர் யாரும் மறக்கமாட்டார்கள்.

அந்தக் காலத்தில் தொடங்கிய ஒரு பழக்கம் இன்னும் போகவில்லை: கிடைத்ததை வாங்குவது, திகதி பார்க்காமல் வாங்குவது. டயரின் சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பாவிக்காமல் கடையில் கிடந்தாலும் ரப்பருக்கு வயசு போகும், நம்முடைய வெயிலில் இன்னும் கெதியாகப் போகும். என் கூட்டாளி ஒருவரின் டயரில் பள்ளம் தாராளமாக இருந்தது, நல்ல பேர் உள்ள டயர், ஆனால் நகத்தால் அழுத்தினால் கல் மாதிரி. மழையில் களுவாஞ்சிக்குடிச் சந்தியில் பிரேக் பிடித்த இடத்துக்கும் கார் நின்ற இடத்துக்கும் சம்பந்தமே இல்லை. நல்ல காலம், முன்னால் யாரும் இல்லை. வருடம் ஐந்து தாண்டினால் ஒவ்வொரு வருடமும் காட்டிப் பார்க்க வேண்டும், பள்ளம் எவ்வளவு இருந்தாலும் பத்தோடு கழற்றிவிட வேண்டும் என்று டயர்க் கம்பனிகளே சொல்கின்றன. ஜப்பானிலிருந்து வருகிற ரீகண்டிஷன் கார்களின் டயரையும் இப்படியே பாருங்கள். கார் பளபளவென்று இருக்கும், டயர் கிழடாக இருக்கும்.

கடையில் திகதி கேட்டால் சில முதலாளிமாருக்கு முகம் மாறும். ஒரு கடையில், "எல்லாம் புது ஸ்டொக் தம்பி, நம்பி எடுங்க" என்றார். "நம்பிக்கைக்கு ஒன்றும் இல்லை அண்ணன், இலக்கத்தை ஒருக்காப் பார்த்துட்டு எடுக்கிறன்" என்று சொல்லிக் கீழே குனிந்து பார்த்தேன். மூன்று வருடப் பழசு, புது விலை. காசு கொடுக்கிறவன் கேட்கத்தான் வேண்டும். எல்லாரும் கேட்கத் தொடங்கினால் கடையிலும் பழைய டயர் தேங்காது.

இரண்டு டயர் மட்டும் மாற்றக் காசு இருந்தால் புதுசை எங்கே போடுவது? நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் முன்னால் என்பார்கள், முன்சக்கரம் இழுக்கிற கார் என்றால் கட்டாயம் முன்னால் என்பார்கள். டயர் செய்கிறவர்கள் பின்னால் போடச் சொல்கிறார்கள், நானும் அதையே சொல்வேன். ஈர ரோட்டில் முன்டயர் வழுக்கினால் காலை மெதுவாக எடுத்து ஸ்டியரிங்கால் சமாளிக்க வழி இருக்கிறது. பின்டயர் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், வளைவில் அதைப் பிடித்து நிறுத்துவது அனுபவசாலிக்கே கஷ்டம். கடைக்காரர் தன் பழக்கத்துக்கு முன்னால் மாட்டப் பார்ப்பார், பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

காற்று அடிக்கிற கதையையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் அளவு இருக்கும். தூர ஓடி வந்து டயர் சூடாக இருக்கும்போது அளந்து, கூடிவிட்டது என்று காற்றைத் திறந்துவிடாதீர்கள். காலையில் வீட்டிலிருந்து கிட்ட உள்ள பெற்றோல் ஷெட்டுக்குப் போய் அடியுங்கள். நைட்ரஜனுக்குத் தனிக்காசு கொடுக்கத் தேவையில்லை, சாதாரணக் காற்றிலேயே 78 வீதம் நைட்ரஜன்தான்.

எவ்வளவு நல்ல டயர் போட்டாலும் கல்லடிப் பக்கம் ரோட்டில் ஏறிக் கிடக்கிற கடல் மணலிலும், அறுவடை நாளில் ரோட்டோரம் காயப் போட்ட நெல்லிலும் அது பிடிக்காது. அங்கே வேகத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

ஐப்பசி பிறக்க முதல் டயர் மாற்ற இருக்கிறவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஏற்கனவே நல்ல டயர் போட்டு ஒரு மாரி ஓடிப் பார்த்தவர்கள் டயரின் பெயர், அளவு, செய்த வருடம், ஈர ரோட்டில் பிரேக் எப்படி நிற்கிறது என்று எழுதுங்கள். ரிம் படம் அனுப்ப வேண்டாம், அது பிறகு பார்ப்போம்.