ஸ்க்ராட்ச்சர் ஆக ஃபாலோயர்கள் கணக்கில்லை

ஸ்க்ராட்ச் என்பது பிள்ளைகள் நிரல் எழுதி விளையாட்டு, அனிமேஷன் போன்ற ப்ராஜெக்ட்டுகளைச் செய்து பகிரும் இணையதளம். அதில் புதிதாகச் சேர்பவர் நியூ ஸ்க்ராட்ச்சர், அதற்கு அடுத்த நிலை ஸ்க்ராட்ச்சர். "100 ஃபாலோயர் சேர்ந்தால்தான் ஸ்க்ராட்ச்சில் நியூ ஸ்க்ராட்ச்சர் நிலையிலிருந்து ஸ்க்ராட்ச்சர் ஆகலாம்" என்று சிலர் சொல்வது தவறு. ஃபாலோயர் எண்ணிக்கைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. சொந்தமாக ப்ராஜெக்ட்டுகள் செய்து பகிர வேண்டும், மற்றவர்கள் செய்ததற்கு உருப்படியாகக் கருத்து சொல்ல வேண்டும், கொஞ்ச காலம் பொறுக்கவும் வேண்டும். அப்புறம் அழைப்பு தானாக வரும். அதை ஏற்றுக்கொண்டால் போதும். கேட்டு வாங்க முடியாது, ஸ்க்ராட்ச் குழுவே அப்படித் தருவதில்லை என்கிறது.

உயர்ந்தால் கிடைப்பதில் முக்கியமானது கிளவுட் வேரியபிள், அதாவது ஸ்க்ராட்ச் சர்வரில் சேமிக்கப்படும் மதிப்பு. விளையாட்டின் அதிகபட்ச ஸ்கோரை எல்லோருக்கும் பொதுவாகச் சேமிக்க அது வேண்டும், அதனால்தான் பிள்ளைகள் இவ்வளவு அவசரப்படுகிறார்கள். தயவுசெய்து அவர்களை "என்னை ஃபாலோ பண்ணு, நானும் பண்றேன்" என்று அலையவிடாதீர்கள். அந்த நேரத்தில் இன்னொரு ப்ராஜெக்ட் செய்யட்டும்.