சிக்கரி கூடினால் காபி ஸ்ட்ராங் ஆகாது
“60 பங்கு காபி, 40 பங்கு சிக்கரி கலந்த 60:40 தூள்தான் ஸ்ட்ராங், விலையும் குறைவு” என்று சொல்வது பாதிதான் சரி. விலை குறைவு, உண்மை. ஆனால் சிக்கரி ஒரு வேர்; அதில் காஃபின் கிடையாது. டிகாக்‌ஷனுக்குக் கறுப்பு நிறம், கெட்டித்தன்மை, லேசான கசப்பு தருவது அதுதான். அதைப் பார்த்து ஸ்ட்ராங் என்று நினைத்துவிடுகிறோம். சிக்கரி 40 சதவீதம் என்றால் நூறு கிராமில் காபி 60 கிராம்தான்! பாக்கெட்டில் சதவீதம் அச்சிட்டிருப்பார்கள், பார்த்து வாங்குங்கள்.

குறைந்த செலவில் நிஜமாகவே ஸ்ட்ராங்காக வேண்டுமா? கடையில் அரைக்கும்போது அராபிகா காபிக்கொட்டையோடு ரொபஸ்டா வகையும் சேர்க்கச் சொல்லுங்கள். ரொபஸ்டா பொதுவாக விலை குறைவு, காஃபினும் அராபிகாவைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சிக்கரி 15, 20 சதவீதம் போதும். சிக்கரி குறைந்தால் டிகாக்‌ஷன் வேகமாக இறங்கும். அதனால் ஃபில்டரில் தூளைக் கொஞ்சம் அழுத்தி வையுங்கள்.