இன்டர்வியூவுக்கு மனப்பாடம் செய்து போகிறவர்களுக்கு

தொழிற்படிப்பு எதற்காவது நேர்காணல் அழைப்பு வந்ததும் பிள்ளைகள் செய்கிற முதல் வேலை, 'வழக்கமான கேள்வி பதில்'களைத் தேடிப்பிடித்து உருப்போடுவது. நானும் அதைத்தான் செய்தேன். பிறகு சில வருடங்கள் மேசைக்கு மறுபக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்கவும் வாய்ப்பு வந்தது. பலரைக் கவிழ்ப்பது அந்த உருப்போடல்தான்.

என் கதையையே சொல்கிறேன். முதியோர் இல்லத்தில் தொண்டு செய்ததாக விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். பொய் இல்லை, ஆறு மாதம் போனேன். அங்கே என்ன கற்றேன் என்று கேட்டால் கொட்டுவதற்கு அரைப்பக்கம் தயாராக இருந்தது. கேட்டவரோ, "அங்கே உங்களுக்கு எரிச்சல் வந்த நாள் ஏதாவது உண்டா?" என்றார். எத்தனையோ நாள் வந்திருக்கிறது. ஒரு தாத்தா தினமும் என்னை வேறு யாரோ என்று நினைத்துத் திட்டுவார். அதைச் சொல்லியிருந்தாலே போதும். "இல்லை சார், எப்போதும் மகிழ்ச்சிதான்" என்றேன். அவர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார். இடம் கிடைக்கவில்லை.

கேட்கிறவர்கள் கையில் உங்கள் மதிப்பெண் ஏற்கெனவே இருக்கிறது. 'ஏன் மருத்துவம்?' என்றால் 'சேவை செய்ய' என்று காலையிலிருந்து பத்துப் பேர் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். சேவை செய்ய நர்ஸாகலாமே, ஆசிரியராகலாமே? அந்த அடுத்த கேள்விக்குத்தான் தயாராக வேண்டும். உங்கள் விண்ணப்பத்தை ஒரு நண்பரிடம் கொடுத்து, வரிக்கு வரி 'சரி, ஏன்? அப்புறம்?' என்று குடையச் சொல்லுங்கள். உடை சுத்தமாக இருக்கட்டும், நேரத்துக்குப் போங்கள். அதில் இதற்கு மேல் ஒன்றுமில்லை.

முதல் பார்வைக்குப் பலமே இல்லையா என்றால், இருக்கிறது. ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பீடுகளை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக், ஒருவரைப் பற்றிய பொதுவான அபிப்பிராயம் மற்ற குணங்களுக்கான மதிப்பெண்ணையும் சேர்த்து இழுத்துவிடுகிறது என்று 1920லேயே எழுதினார். ஒரே குழுவின் அபிப்பிராயத்தை நம்பியிருக்கக் கூடாது என்றுதான் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 'மல்டிபிள் மினி இன்டர்வியூ' முறையைக் கொண்டுவந்தார்கள். மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் இப்போது அதுதான். அறை அறையாகப் போக வேண்டும், அறைக்கொரு மதிப்பீட்டாளர், சில நிமிடங்கள். முந்தைய அறையில் நீங்கள் சொதப்பியது அடுத்தவருக்குத் தெரியாது. தொங்கிப்போன முகத்தோடு நுழைந்து நாமே காட்டிக்கொடுத்தால்தான் உண்டு.

தேர்வுக்குழுவும் கடவுள் இல்லை. 1979ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஒரு மருத்துவக் கல்லூரிக்கு 50 இடங்கள் திடீரென்று கூடின. நேர்காணலுக்குப் பிறகு முதல் சுற்றில் தேறாதவர்களைக் கூப்பிட்டுச் சேர்த்தார்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்த்தால், முதலில் தேர்வானவர்களுக்கும் இவர்களுக்கும் படிப்பில் சொல்லும்படி வித்தியாசமே இல்லை. எனக்கு இடம் போன வருடம் இது தெரிந்திருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

நான் மறுபக்கம் இருந்தபோது ஒரு பெண், நோயாளியின் ரகசியத்தைக் குடும்பத்தாரிடம் சொல்லலாமா என்ற கேள்விக்கு 'சொல்லலாம்' என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, "மன்னிக்கவும், நான் குடும்பத்தின் பக்கம் மட்டும் நின்று யோசித்துவிட்டேன், மாற்றிக்கொள்ளலாமா?" என்றார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேனாவை எடுத்தோம்.