குழாய் முதல் முயற்சியில் நுழையாவிட்டால் மருத்துவரின் தவறா?

"மயக்க மருந்து கொடுத்தபின் மூச்சுக்காகத் தொண்டை வழியே வைக்கும் குழாயை ஒரே முயற்சியில் செலுத்தத் தெரியாதவர் நல்ல மருத்துவரே அல்லர்; தவறினால் அந்த நொடியே மூளை செத்துவிடும்" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே பொய். அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களை வீணாக நடுங்க வைக்கும் பொய்.

அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்வதும், நாக்கை நீட்டச் சொல்வதும், கழுத்தை நிமிர்த்திப் பார்ப்பதும் குழாய் செலுத்துவதில் வரும் சிரமத்தை முன்பே கணிக்கத்தான். ஆனால் இந்தக் கணிப்பு பலமுறை ஏமாற்றிவிடும். டென்மார்க்கில் 1,88,064 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வில், குழாய் செலுத்தக் கடினமாக இருந்தவர்களில் 93 சதவீதத்தினரிடம் அந்தச் சிரமம் எதிர்பாராததாகவே இருந்தது.

மயங்குவதற்கு முன் மாஸ்க்கை முகத்தில் பொருத்தி, "நன்றாக மூச்சு இழுங்கள்" என்பார்கள். அப்போது நுரையீரலில் ஆக்சிஜன் நிரம்புகிறது. ஆரோக்கியமான பெரியவருக்கு அது சில நிமிட அவகாசம் தரும். குழந்தைகள், கர்ப்பிணிகள், உடல் பருமன் உள்ளவர்களுக்கு அவகாசம் குறைவு. முயற்சிகளுக்கு இடையே மாஸ்க் வழியாகவும் ஆக்சிஜன் கொடுப்பார்கள்.

விடாமல் மீண்டும் மீண்டும் முயல்வதுதான் உண்மையில் ஆபத்து. தொண்டை வீங்கும், ரத்தம் கசியும். அதனால்தான் பிரிட்டனின் 2015 வழிகாட்டுதல் மூன்று முயற்சிகளோடு நிறுத்தச் சொன்னது. அதிக அனுபவமுள்ளவர் வந்தால் மட்டும் இன்னொன்று. அதன்பின் குரல்வளைக்கு மேலே அமரும் லாரிஞ்சியல் மாஸ்க் போன்ற சாதனம். உரிய நேரத்தில் கையை எடுப்பவரே தேர்ந்தவர் என்பேன்.

உங்களுக்குக் குழாய் செலுத்தச் சிரமப்பட்டதாகச் சொன்னால், எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த அறுவை சிகிச்சையில் அதை மயக்க மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள்.