அது சோம்பேறி எழுத்து இல்லை

ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் டிவி நகைச்சுவை வெறும் சோம்பேறி எழுத்து என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு உடன்பாடில்லை. பிபிசியில் 1968 முதல் 1977 வரை வந்த ‘டாட்ஸ் ஆர்மி’யைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர்க்கால ஊர்க்காவல் படையின் கதை. கிழவர் கார்ப்பரல் ஜோன்ஸ் “டோன்ட் பேனிக்!” (பதறாதீர்கள்!) என்று கத்துவார், படையிலேயே அதிகம் பதறுவது அவர்தான். வசனம் அதேதான், சிக்கல்தான் ஒவ்வொரு முறையும் வேறு. எப்போது கத்தப்போகிறார் என்று காத்திருப்பதிலேயே பாதிச் சிரிப்பு வந்துவிடும். ஒரே ஒரு எபிசோட் பார்த்தவருக்கு அந்தக் காத்திருப்பு ஏது? அவருக்கு வெறும் கூச்சல்தான் கேட்கும். அவரைக் குறை சொல்ல முடியாது.

சரி, எல்லாமே அப்படியா என்றால் இல்லை. ‘லிட்டில் பிரிட்டன்’ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரில் விக்கி பொல்லார்ட் என்ற பதின்வயதுப் பெண் பாத்திரம் “யா பட் நோ பட்” (ஆமா, ஆனா இல்ல, ஆனா) என்று உளறியபோது முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவும் பதின்வயதுப் பேச்சை அப்படியே பிடித்திருந்தார்கள். அப்புறம் அந்த வசனத்துக்காகவே காட்சி எழுதியதுபோல் தோன்றிச் சலித்துவிட்டது. என் தங்கைக்கு இன்றுவரை சலிக்கவில்லை. பள்ளியில் தோழிகளோடு அதை மாறி மாறிப் பேசித் திரிந்தவள் அவள். நான் தனியாக உட்கார்ந்து பார்த்தவன்.